பழைய கணினியும் புதிய மின்வழங்கியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியர் ஆதலின் நாம் சங்கச் செய்யுளொன்றையோ காவியக் காட்சியொன்றையோ எடுத்து விளக்குவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, மேசைக்கணினியின் பின்புறத்தே நான்கு திருகாணிகளாற் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு தகரப் பெட்டி. கடைக்காரர் அதனைப் 'பவர் சப்ளை' என்பர். நாம் மின்வழங்கி என்போம். அதனை மாற்றும் வேலைக்கும் தமிழுக்கும் உறவு யாது என வினவுவோர்க்கு விடையாக இக்கட்டுரை அமைகின்றது.

பெரியகல்லாறு, கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருங்கி நிற்க, இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்த ஊர். அவ்வூரிலே எமக்கு இளமையில் தமிழ் அறிவுறுத்திய ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். வசந்தன் பாடல், கொம்பு விளையாட்டுப் பாடல், கண்ணகியம்மன் சடங்கின் குளுத்திப் பாடல், கரைவலை இழுப்போர் பாடும் அம்பா ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதிச் சேர்த்தவர் அவர். 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆந் திகதி கடல் ஊருட் புகுந்தபோது அக்குறிப்பேடுகள் யாவும் நீரோடு போயின. பாடிக் கொடுத்தோருட் சிலரும் போயினர்.

மறு ஆண்டிலே அவர் மீண்டும் தொடங்கினார். எஞ்சியிருந்த முதியோரைத் தேடிச் சென்று பாடச் செய்தார். தம் நினைவில் நின்றவற்றையும் கூட்டினார். இம்முறை அவர் குறிப்பேட்டை நம்பவில்லை. 2001 ஆம் ஆண்டில் வாங்கப்பெற்று, அயலூர் உறவினர் வீட்டில் இருந்தமையாற் கடலுக்குத் தப்பிய மேசைக்கணினி ஒன்றிலே அனைத்தையும் தம் கையாலேயே பதிந்து வைத்தார். அது பென்ரியம் மூன்று என்னும் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் 98 இல் இயங்குவது. அவர் காலஞ்சென்ற பின்னர் அக்கணினி ஒரு சேலைத் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது.

சென்ற ஆண்டு, ஆலய பரிபாலன சபையார் அப்பாடல்களை அச்சிட விரும்பினர். நாம் ஆசிரியரின் இல்லத்துக்குச் சென்றோம். "மகன், அவர் இதுக்குள்ளதான் எல்லாத்தையும் வைச்சிருக்கார்" என்று அவர்தம் துணைவியார் துணியை நீக்கினார். ஆளியை அழுத்தினோம். உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றிற்று, நின்றது. மீட்டும் அழுத்தினும் அவ்வளவே.

எம்மிடம் படித்து, இப்போது கல்முனையிற் கணினி திருத்துந் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, "சேர், இது பழைய இரும்புக்குத்தான் போகும். ஹாட் டிஸ்க்கை மட்டும் கழட்டிக் கொப்பி பண்ணுவம்" என்றார். அவர் கூற்றின் பிற்பாதி மிகவும் பொருத்தமானது. எப்பழைய கணினியிலும் முதலிற் செய்யத்தக்கது வன்தட்டைப் படியெடுத்தலே. அவ்வாறே செய்தோம். கோப்புகள் யாவும் புதிய கணினிக்கு வந்தன. வந்தும் அவை திறக்கவில்லை. ஏனெனில் ஆசிரியர் பாடல்களைப் பேஜ்மேக்கர் என்னும் பக்கவமைப்புச் செயலியிற் பதிந்திருந்தார். அச்செயலி 2001 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. எழுத்தும் பாமினி எழுத்துரு. அத்தகைய பழைய எழுத்துருக்கள் தமிழெழுத்துக்கெனத் தனி எண் கொண்டன அல்ல. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழெழுத்தின் உருவத்தை ஏற்றி வைத்தவை. எழுத்துரு நீங்கின், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். ஆகவே செயலியும் எழுத்துருவும் பாடலும் ஒருங்கேயிருந்த அப்பழைய கணினியையே எழுப்புதல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இனி, அத்தகரப் பெட்டியின் தொழிலைக் கூறுவோம். எம் நாட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். கணினி வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டம். மின்வழங்கி, வந்த மின்னை முதலிற் சீராக்கி ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக்கும். பின்னர் அதனை ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறிய நிலைமாற்றி ஒன்றினூடு செலுத்தித் தாழ்த்தும். ஈற்றிலே கொள்ளளவிகளால் அலையடக்கி வெளிவிடும். வெளிவருங் கம்பிகளுக்கு நிறவரிசை உண்டு. மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3, கறுப்பு பூச்சிய வோல்ற்று. ஊதாக் கம்பியிலே, கணினி உறங்கும்போதும் 5 வோல்ற்று விழித்திருக்கும். பச்சைக் கம்பி கறுப்போடு இணையும்போதே ஏனையவை எழும்.

இப்பெட்டிகள் மாளுதற்குப் பெருங் காரணம், கடைக்காரர் 'கப்பாசிற்றர்' என்னும் கொள்ளளவியே. அதனுள் இருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தால் ஆண்டுதோறும் வற்றும். இந்நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் வெளிவந்த கணினிகள் பலவற்றிலே, திரவம் பிழையாகக் கலக்கப்பட்ட கொள்ளளவிகள் தலை வீங்கி வெடித்தமை உலகறிந்த செய்தி. கடற்காற்றின் உப்பும் சேருமாயின் முனைகளும் துருவேறும்.

எம் மாணவர் பெட்டியைக் கணினியினின்றும் பிரித்து, பழைய இறுவட்டுச் செலுத்தி ஒன்றைச் சுமையாக மாட்டி, பச்சையையும் கறுப்பையும் இணைத்துப் பல்மானியால் அளந்தார். ஊதாக் கம்பியில் 5 வோல்ற்று இருந்தது. மஞ்சட் கம்பியோ பத்துக்குங் கீழே தள்ளாடிற்று. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறவும் இறங்கவும் ஆகாதென்பது விதி. 12 வோல்ற்றுக் கம்பி 11.4 இற்குங் குறைதலாகாது. நோய் இன்னதென்று தெரிந்தது. தாய்ப்பலகையிலே வீக்கமோ கசிவோ இல்லை. முழுக் கணினியும் இறந்தது என்று நாம் எண்ணிய இடத்திலே, அதற்கு உணவூட்டும் உறுப்பொன்றே தளர்ந்திருந்தது.

மாணவர்க்கு ஓரெச்சரிக்கை கூறுதல் கடன். மின்வழங்கியின் மூடியைத் திறத்தலாகாது. சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் உள்ளிருக்கும் பெருங் கொள்ளளவிகள் முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைத் தேக்கி வைத்திருத்தல் கூடும். அஃது உயிரைக் கொள்ளவல்லது. உள்ளுறுப்பை மாற்றுதல் பயின்றோர் தொழில். மற்றையோர் பெட்டியை முழுமையாக மாற்றுதலே தக்கது.

மாற்றுதல் கைகூடுதற்குக் காரணம், 1995 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.ரீ.எக்ஸ். என்னும் ஒழுங்கு. பெட்டியின் அளவு, திருகாணியின் இடம், கம்பியின் வரிசை யாவும் அதிலே வரையறுக்கப்பட்டன. அதன் பயனாக, இருபதாண்டுக்கு மேற்பட்ட கணினிக்கும் இன்று கடையில் வாங்கும் பெட்டி பொருந்துகின்றது. ஆயினும் கவனிக்கத்தக்கவை சில உள. பழைய தாய்ப்பலகையின் முனைகள் 20. புதிய பெட்டியின் முனைகள் 24. பிரித்தெடுக்கக்கூடிய நான்கையும் ஒதுக்கி ஏனையவற்றைச் செருகலாம். பழைய தாய்ப்பலகைகள் 5 வோல்ற்றையே மிகுதியும் உண்பன. புதிய பெட்டிகளோ தம் வலுவிற் பெரும்பகுதியை 12 வோல்ற்றிலே வைத்துள்ளன. ஆகையால் மொத்த வாற்று எண்ணை மட்டும் நோக்காது, 5 வோல்ற்றுக்கு எத்துணை அம்பியர் எனப் பழைய முகச்சீட்டோடு புதியதை ஒப்புநோக்கி வாங்குதல் வேண்டும். வெள்ளைக் கம்பியில் வந்த மறை 5 வோல்ற்று இன்று வழக்கொழிந்தது. மிகப் பழைய அட்டைகள் சிலவற்றுக்கன்றி அது வேண்டுவதில்லை. வன்தட்டுக்கு நான்முனைச் செருகி உண்டா எனவும் பார்த்தல் வேண்டும். பின்புறத்தே 115, 230 எனக் குறித்த சிவப்பு ஆளி இருப்பின், அது 230 இல் நிற்றல் இன்றியமையாதது. 115 இல் நிற்க எம் நாட்டுச் சுவரிற் செருகினால் பெட்டி வெடிக்கும்.

இவற்றையெல்லாம் நோக்கி வாங்கிய பெட்டியை மாற்ற ஒரு மணி நேரமும் ஆகவில்லை. முனைகளின் துருவைத் துடைத்து, திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் இறுக்கி, ஆளியை அழுத்தினோம். ஒற்றை ஒலி எழுந்தது. நாட்காட்டி மட்டும் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற மின்கலம் தீர்ந்திருந்தமையே காரணம். சிறிது நேரத்திலே திரையில் ஆசிரியர் பெயரிட்டு வைத்த கோப்புகள் முப்பத்தொன்றும் தோன்றின.

இருபத்தொன்பது திறந்தன, இரண்டு திறக்கவில்லை. அவ்விரண்டும் இனி வரா. எம் மாணவர் குளுத்திப் பாடற் கோப்பைத் திறந்தபோது, நாம் வாய்விட்டுப் படித்தோம். கதவருகே நின்ற துணைவியார், அடுத்த அடியை நாம் படிக்குமுன் தாமே சொன்னார். மேலும் ஓரிடத்தில், "அப்படி இல்ல மகன்" என்று ஒரு சொல்லைத் திருத்தினார். தட்டச்சிலே ஓரெழுத்து மாறியிருந்தது. அவர் சொன்னதே யாப்புக்கும் பொருளுக்கும் ஒத்தது. கணினியை எழுப்பியதன் முழுப்பயனும் அக்கணத்திலே எமக்கு விளங்கிற்று. பாடம் எழுத்தில் இருக்கின்றது. அதனைத் திருத்தவல்ல நினைவோ முதுமையடைந்த ஒருவரிடம் இருக்கின்றது. இரண்டும் ஒரே அறையிற் கூடுதற்குரிய காலம் நீண்டதன்று.

அதன்பின் இரு மாத காலம், வார இறுதிகளில் அவர் முன்னிலையில் ஒவ்வொரு பாடலையும் படித்துத் திருத்தினோம். திருத்தியவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். ஒருங்குறியின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. இலங்கையின் தமிழ்க் கணினி நியமம் 2008 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. மாற்றும்போது தமிழாசிரியர்க்கு உவப்பான செய்தியொன்று கண்டோம். பாமினியில் 'கெ' என்று பதிய, கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி முதலிற் கொம்பும் பின்னரே ககரமும் வரும். ஒருங்குறியிலோ மெய்யெழுத்தின் இடம் முன்னது. உயிர்க்குறியின் இடம் பின்னது. உயிர்மெய்யிலே மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று எம் இலக்கண நூலார் கண்ட முறையும் அதுவே.

ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதி வந்தமையாலேயே பழந்தமிழ் எம்மை அடைந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்ததும், தி. சதாசிவ ஐயர் அவர்கள் 1940 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி வெளியிட்டதும், வீ. சீ. கந்தையா அவர்கள் 1964 ஆம் ஆண்டில் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியதும் அத்தொண்டின் தொடர்ச்சியே. பனையோலை நூற்றாண்டுகள் தாங்கும். வன்தட்டோ சில பத்தாண்டுகளும் தாங்குவது அரிது. ஆதலின் இக்காலத்துப் படியெடுப்போர்க்கு அவகாசம் குறைவு.

முன்னாள் மாணவர்களே, உங்கள் இல்லங்களின் பரண்களிலும் மூலைகளிலும் இத்தகைய கணினிகள் உறங்கக்கூடும். தந்தையார் எழுதிய நாடகமோ, சங்கத்தின் அறிக்கையோ, ஊர் வரலாறோ அவற்றுள் இருக்கலாம். பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் அவற்றை ஒருமுறை திறந்து பாருங்கள். வன்தட்டைப் படியெடுங்கள், தேவையாயின் மின்வழங்கியை மாற்றுங்கள், கிடைத்ததை ஒருங்குறிக்கு மாற்றி மூன்றிடங்களில் வையுங்கள், அறிந்தோர் இருக்கும்போதே படித்துக்காட்டித் திருத்துங்கள். தகவல் தொழினுட்பம் பயிலும் இன்றைய மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் இவ்வேலையில் ஒருவர்க்கொருவர் துணையாவர். ஒருவரின்றி மற்றவரால் இது நிறைவேறாது.

திருத்திய பாடல்கள் அச்சகம் சென்றுள்ளன. அடுத்த சடங்குக் காலத்திற்கு முன் நூல் வெளிவரும். அதன் முதற் படி கல்லூரி நூலகத்திற்கு வந்து சேரும்.