கேட்கத் தெரிந்த வணிகம்

படக்கதைப் புத்தகம் என்றாலே, பாடநூலுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு சிறுவர் புரட்டும் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதனை அச்சிட்டு விற்று ஒரு குடும்பம் தலைமுறை கடந்தும் வாழ முடியும் என்றால் எளிதில் நம்பமாட்டோம். ஆயினும் அவ்வாறு வாழ்ந்து காட்டிய குடும்பங்கள் உண்டு. ஒன்று நம் சிவகாசியில். மற்றொன்று தொலைதூர இத்தாலியின் மிலான் நகரில். இவ்விரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தொழில் நடத்துவோருக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளை வளர்ப்போருக்கும் பயன்தரும் உண்மையொன்று புலப்படுகிறது.

1972-ஆம் ஆண்டு சனவரியில் திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் அந்த மனிதன், இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் பிறந்தவன் என்பதைப் பள்ளி நாள்களில் நாங்கள் அறியோம். எங்கள் தெருவில் ஒருவன் வாங்கும் புத்தகம் பத்து வீடுகளுக்குச் செல்லும். அட்டை போன பின்னும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவருடைய மகன் திரு. விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத பருவத்தில், 1984-ஆம் ஆண்டு சூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தந்தை தேடிவைத்த பெயரின் நிழலிலேயே நின்றிருக்கலாம். அவரோ புதிய பெயரில், புதிய நாயகர்களோடு புறப்பட்டார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. ஆனால் எதிர்பார்த்த வரவேற்பு அவளுக்கு உடனே கிட்டவில்லை. சில இதழ்களுக்குப் பின் வந்த ஸ்பைடர்தான் வாசகர் நெஞ்சைக் கவர்ந்து இதழை நிலைநிறுத்தினான். குற்றவாளியாக அறிமுகமாகிப் பின்னர் நல்வழிக்குத் திரும்பியவன் அவன்!

மிலானிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. கதாசிரியர் ஜான் லூயிஜி பொனெல்லியும் அவர் மனைவி தேயாவும் பிரிந்து வாழ நேர்ந்தபின், பதிப்பகப் பொறுப்பு முழுவதையும் அப்பெண்மணியே ஏற்றார். போரின் அழிவிலிருந்து இத்தாலி மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1948-இல் இரண்டு படக்கதைகள் வெளிவந்தன. இரண்டையும் எழுதியவர் பொனெல்லி. வரைந்தவர் ஔரேலியோ கல்லெப்பினி. நம்பிக்கை முழுவதும் ‘ஓக்கியோ கூப்போ’ என்னும் கதையின்மீதே வைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று துணைக்கு வந்த சிறு இதழ். பெரிதும் நம்பியது விரைவில் நின்றுபோயிற்று. துணைக்கு வந்ததோ ‘டெக்ஸ்’! இன்றுவரை அது வெளிவருகிறது. லயன் வழியாகத் தமிழுக்கும் வந்து நம் வாசகர்களுள் பலருக்கு உற்ற தோழனாயிற்று.

அந்த அன்னையின் மகன் செர்ஜியோ 1957-இல் பதிப்பகத்தின் தலைமையை ஏற்றார். அவரும் கதை எழுதினார். ஆனால் தந்தையின் பெயரோடு குழப்பிக்கொள்ளாதிருக்கும்படி ‘குயிதோ நொலித்தா’ என்னும் புனைபெயரில் எழுதினார். அப்பெயரில் அவர் படைத்த ‘சாகோர்’ 1961-இல் பிறந்தான். 2011-இல் செர்ஜியோ மறைந்தபின் அவர் மகன் தாவிதே பொறுப்பேற்றார்.

இரு குடும்பங்களிலும் பெற்றோர் பாதையமைத்தனர். பிள்ளைகளோ அதில் தம் கால்களாலேயே நடந்தனர். இரு குடும்பங்களிலும் உரிமையாளரின் கணிப்பை வாசகரின் தீர்ப்பு மாற்றியமைத்தது. அத்தீர்ப்புக்குச் செவிகொடுத்ததனால் தொழில் பிழைத்தது. ‘நான் தேர்ந்தெடுத்ததையே நீ விரும்ப வேண்டும்’ என்று பிடிவாதம் செய்யும் வணிகன் சரக்கோடு தனித்து நிற்பான். அவ்வாறு பிடிவாதம் செய்யும் பெற்றோரின் நிலையும் அதுவே அன்றோ?

தளர்ச்சி வராமலில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசி இதழ்கள் அரிதாகவே வந்தன. 2012-ஆம் ஆண்டு சனவரியில் அவை மீண்டெழுந்தபோது வழிமுறை மாறியிருந்தது. மலிவான தாளில் மிகுதியாக அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பிக் காத்திருப்பதை விடுத்து, நல்ல தாளில், வண்ணத்தில், விலை கூடினாலும் அளவாக அச்சிட்டனர். சந்தாவும் முன்பதிவும் முதன்மை பெற்றன. முன்கூட்டியே பணம் வருவதால் எத்தனை படிகள் வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்; விற்காத பிரதிகள் திரும்பிவரும் இழப்பும் குறையும். ஆனால் கண்ணால் காணாத புத்தகத்துக்கு ஒருவர் பணம் அனுப்ப வேண்டுமெனில், சொன்ன சொல் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நிறைகுறைகளை மனந்திறந்து எழுதி வாசகரோடு ஆண்டுக்கணக்கில் உரையாடியதன் பயனே அந்நம்பிக்கை.

எங்கள் பங்கில் எழுதுபொருள் கடை நடத்தும் குடும்பமொன்று உண்டு. கடையில் படக்கதை நூல்களும் விற்க வேண்டுமென்பது மகனின் ஆவல். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் கறையானுக்கு இரையாகிவிடுமோ என்பது தந்தையின் அச்சம். இருவரும் முகங்கொடுத்துப் பேசாத நிலை வந்தபோது, மேற்சொன்ன வரலாற்றைத்தான் அவர்களுக்கு எடுத்துரைத்தேன். முடிவில் அவர்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். திருமணப் பணத்தைத் தொடுவதில்லை. ஒரே ஓர் அடுக்கு. அதில் விற்ற பணத்தைக்கொண்டே அடுத்த கொள்முதல். வருபவரின் பெயரையும் விருப்பத்தையும் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு. இன்று அக்குறிப்பேட்டில் சிறுவர் பெயரைவிட, நரை கண்ட தலையினரின் பெயர்களே மிகுதி! தந்தையும் மகனும் அதைப் பார்த்தே மாதந்தோறும் கணக்குப் பேசுகின்றனர்.

வளர்ச்சியைக் கடையின் அகலத்தைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். திரும்பி வருபவர் எத்தனை பேர், கொடுத்த சொல்லில் நிறைவேறியது எவ்வளவு, இளையவரின் முயற்சிக்கு வீட்டில் இடமுண்டா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் எவரும் பெரிதாக எண்ணாத ‘இரண்டாவது கதை’ ஒன்று இருக்கக்கூடும். அதனையும் சற்றே படித்துப் பாருங்கள்.