ஒட்டுப்போட்ட வம்சம்

1621 மே மாதம். லண்டனில் பிரபுக்கள் சபை கூடியிருக்கிறது. மூதாதையர் காலத்துக் காரியங்களை எடுத்துக்காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார் ராபர்ட் ஸ்பென்சர் பிரபு. அரண்டல் பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. அதெல்லாம் நடந்தபோது உங்கள் மூதாதையர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்று குறுக்கே பாய்கிறார். ஸ்பென்சர் அசரவில்லை. எங்களவர்கள் ஆடு மேய்த்தபோது உங்களவர்கள் ராஜத் துரோகத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்கிறார். அடி விழவேண்டிய இடத்தில் விழுந்தது. அரண்டலின் தாத்தா 1572-ல் தலை வெட்டப்பட்டவர். தந்தை 1595-ல் லண்டன் டவர் சிறையிலேயே இறந்தவர். மன்னிப்புக் கேட்க மறுத்த அரண்டலையும் சபை அதே டவருக்கு அனுப்பிவைத்தது.

ஆட்டுக்காரரின் தன்மானம் வென்றது என்று பெரும்பாலோர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அன்று அவ்வளவு கம்பீரமாக ஆட்டை ஒப்புக்கொண்ட அதே குடும்பத்தின் வம்சாவளியில் ஆட்டு வாடையே கிடையாது. அது வேறு கதை சொன்னது.

ஸ்பென்சர் என்பது பதவிப் பெயர். லத்தீனில் டிஸ்பென்சேட்டர், பழைய பிரெஞ்சில் டெஸ்பென்சர்: பிரபுவின் மாளிகையில் உணவுப் பொருள்களைக் காத்து, அளந்து கொடுப்பவர். நம் ஊர்க் கல்யாண வீட்டில் உக்கிராணத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைவாரே, அவர்தான். வடக்கே பண்டாரி, கோட்டாரி என்ற பெயர்கள் வந்த வழியும் இதுதான். நார்மன் மன்னர் வில்லியம் 1086-ல் எடுத்த நிலக் கணக்கிலேயே டிஸ்பென்சேட்டர் என்ற அடையோடு ஆட்கள் வருகிறார்கள். பெரிய மாளிகைகள் எத்தனையோ, உக்கிராணக்காரர்களும் அத்தனை பேர். ஆகவே ஸ்பென்சர் என்று பெயர் இருப்பதாலேயே இருவர் உறவாகிவிட மாட்டார்கள். 19-ம் நூற்றாண்டில் சென்னை மவுண்ட் ரோடில் ஜான் வில்லியம் ஸ்பென்சரின் பெயரில் வளர்ந்த கடை சீஸும் ஒயினும் விற்றது. பெயருக்கு ஏற்ற தொழில்தான். அதற்காக அவரைப் பிரபு வம்சத்தில் சேர்க்க முடியாது.

பிரபு வம்சம் செய்தது ஏறக்குறைய அதைத்தான்.

இவர்களுடைய நிஜக் கதை 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வார்விக்‌ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் புல்வெளிகளில் தொடங்குகிறது. கம்பளிக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை கிடைத்த காலம். ஜான் ஸ்பென்சர் 1506-ல் வார்ம்லெய்டனையும் 1508-ல் ஆல்தார்ப்பையும் வாங்கினார். ஆடு மேய்த்தவர் என்றால் கோலும் கையுமாகக் கிடைக்குப் பின்னால் நடந்தவர் என்று நினைக்கக்கூடாது. ஆயிரக்கணக்கில் ஆடு வளர்த்த பெரும் பண்ணையாளர்கள் இவர்கள். வார்ம்லெய்டனில் முந்தைய உரிமையாளரே உழவர் குடும்பங்களை வெளியேற்றி, விளைநிலத்தை வேலியடைத்து மேய்ச்சலுக்கு விட்டிருந்தார். காலியான அந்த மண்ணில்தான் ஸ்பென்சரின் ஆடு கொழுத்தது. ஊர்கள் இப்படி அழிவதை விசாரிக்க 1517-ல் கார்டினல் வுல்சி குழு அமைத்தபோது ஜான் ஸ்பென்சரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாதா கோவிலைச் சீராக்கினேன், வீடு கட்டினேன், மரம் நட்டேன் என்பது அவர் கட்சி. வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு வம்சாவளி எதுவும் இல்லை.

பணம் பெருகியது. நாட்டிலேயே அதிக ரொக்கம் வைத்திருப்பவர் என்ற பேச்சோடுதான் ராபர்ட் ஸ்பென்சர் 1603-ல் பிரபுவானார். அதற்குள் பழைய பெருமையும் தயாராகிவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு குலச் சின்னங்களைப் பதிவு செய்யும் அரசு அதிகாரிகளில் ஒருவரான ரிச்சர்ட் லீ, 1595-ல் ஒரு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். அதன்படி இவர்கள் டெஸ்பென்சர் பிரபுக்களின் வாரிசுகள். 1504-ல் குடும்பம் பெற்றிருந்த கடற்பறவைத் தலைகள் கொண்ட சின்னம் பின்னுக்குப் போயிற்று. டெஸ்பென்சர்களின் சின்னம் முன்னால் வந்தது, நடுப்பட்டையில் மூன்று சிப்பிகள் மட்டும் கூடுதலாக.

யார் அந்த டெஸ்பென்சர்கள்? மன்னர் இரண்டாம் எட்வர்டின் நிழலில் நாட்டையே சுரண்டிய தந்தையும் மகனும், இரண்டு ஹியூக்கள். 1326-ல் ஒரே மாத இடைவெளியில் இருவரையும் துரோகிகள் என்று கொன்றார்கள். ஆக, 1621-ல் ஸ்பென்சர் எறிந்த கல், அவரே விரும்பி ஒட்டிக்கொண்ட முன்னோர்கள் மீதும் விழுந்தது. சபையில் அது யாருக்கும் உறைக்காமல் போனதுதான் வேடிக்கை.

பெருமை தொற்றக்கூடியது. கேம்பிரிட்ஜில் ஏழை மாணவராகப் படித்த கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர், ஆல்தார்ப் குடும்பத்துக்குத் தான் உறவு என்று சொல்லிக்கொண்டு, 1591-ல் அவ்வீட்டுப் பெண்கள் மூவருக்கும் கவிதைகளைக் காணிக்கையாக்கினார். இவர் அவர்களைப் பிடித்தார், அவர்கள் டெஸ்பென்சர்களைப் பிடித்தார்கள். இன்று உலகம் அதிகம் படிப்பது யார் பெயரை என்று பார்த்தால் கவிஞர்தான் ஜெயித்தார்.

நிஜமான பெருமைக்கும் குடும்பத்தில் பஞ்சம் இல்லை. மார்ல்பரோ கோமகன் ஜான் சர்ச்சிலின் மகள் ஒரு ஸ்பென்சரை மணக்க, 1733-ல் அந்தப் பட்டம் பேரன் சார்லஸ் ஸ்பென்சருக்கு வந்தது. 1817-ல்தான் ஐந்தாம் கோமகன் சர்ச்சில் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்கக்கூடாது என்று நெடுங்காலம் முறுக்கிக்கொண்ட வின்ஸ்டன் சர்ச்சில், ஆண்வழியில் பார்த்தால் ஸ்பென்சர்தான். அதே பெயரில் ஓர் அமெரிக்க நாவலாசிரியர் இருந்ததால், தன் புத்தகங்களில் நடுவே ஸ்பென்சரைச் சேர்த்தே கையெழுத்திட்டார்.

வம்சாவளியின் குட்டு 1901-ல் உடைந்தது. ஹொரேஸ் ரவுண்ட் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, லீயின் வேலை புனைவு என்று நிறுவினார். பிரபுக்களின் பொய்ப் பட்டியல்களைக் கிழிப்பதில் அலாதி சுகம் கண்டவர் அவர். ஆனால் குடும்பம் சின்னத்தை மாற்றவில்லை. முந்நூறு வருஷம் பழகிய பொய்க்கு அதுவே ஒரு வயது, ஒரு கௌரவம் வந்துவிடுகிறது போலும்.

1981-ல் டயானா ஸ்பென்சர் அந்தச் சின்னத்தோடுதான் அரண்மனைக்குள் நுழைந்தார். 2000-ல் அவருடைய மூத்த மகன் வில்லியமுக்கு 18 வயது நிறைந்தபோது தனிச் சின்னம் தரப்பட்டது. தாயின் நினைவாக அதில் ஒரு சிவப்புச் சிப்பி. 2002-ல் ஹாரிக்கு மூன்று சிப்பிகள். டெஸ்பென்சர்களிடம் இல்லாத, ஆட்டுக்காரர்கள் தாங்களாகச் சேர்த்த அதே சிப்பிகள்.