கடல்நீர்ப் பம்பும் காணாமற்போன மூன்று இறக்கைகளும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் படகு இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு பம்பு என் தாய்மாமனின் குடும்பத்தை ஒரு மாதத்திற்கும் மேலாக அலைக்கழித்த கதை உங்களுக்கும் பயன்படும் என நம்புகிறேன்.

மாமா லூமுட்டில் ஒரு படகு வைத்திருக்கிறார். தூண்டில் போட விரும்புவோரைப் பங்கோர் தீவின் பக்கமும் அதற்கும் தெற்கே புலாவ் செம்பிலான் எனப்படும் ஒன்பது தீவுகளின் பக்கமும் அழைத்துச் செல்வார். வார இறுதியில் படகு ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். படகின் நடுவே டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கிறது. காரில் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கிறது. படகிலோ அந்த வேலையைக் கடல்நீர் செய்ய வேண்டும். படகின் அடியிலுள்ள திறப்பு வழியாக உள்ளே வரும் நீரை வடிகட்டியைத் தாண்டி இழுத்து, வெப்பமாற்றிக்குள் செலுத்துவது இந்தப் பம்பு. அங்கே மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும். அவற்றின் வெளிப்புறத்தில் இயந்திரத்தின் நன்னீர் சுற்றிவந்து சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். உப்புநீரை நேராக இயந்திரத்தினுள் விட்டால் இரும்பு அரிக்கும், உப்புப் படியும். அதற்காகவே இந்த இரட்டை ஏற்பாடு. வேலை முடித்த கடல்நீர் புகையோடு கலந்து பின்பக்கம் வெளியேறும்.

பம்பினுள் இருப்பது இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம். பன்னிரண்டு இதழ் கொண்ட பூப்போல இருக்கும். அது சுழலும் வெண்கலக் கூட்டின் ஒரு பக்கச் சுவர் சற்றே உட்புறம் புடைத்திருக்கும். அந்த இடத்தில் இறக்கைகள் வளையும், கடந்ததும் நிமிரும். நிமிரும்போது இடைவெளி விரிந்து நீரை உறிஞ்சுகிறது. மீண்டும் வளையும்போது இடைவெளி சுருங்கி நீரை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு எளிய அறிவு! ஆனால், அந்த ரப்பருக்கு நீரே மசகும் ஆகும். நீரின்றி ஓடினால் மிகக் குறுகிய நேரத்திலேயே சூடேறிப் பிய்ந்துவிடும்.

2024 ஏப்ரலில் அதுதான் நடந்தது. கடலில் மிதந்த ஒரு நெகிழிப்பை அடித்திறப்பை மூடிக்கொண்டது. எச்சரிக்கை மணி ஒலித்ததும் மாமா இயந்திரத்தை நிறுத்திப் பையை எடுத்துவிட்டார். ஆனாலும் இம்பெல்லர் கெட்டுவிட்டது. பட்டறைக்காரர் புதியது போட்டு, துறையில் கட்டிவைத்தபடியே கால் மணி நேரம் ஓட்டிக் காட்டினார். முள் அசையவில்லை. கடலுக்குப் போய் வேகம் கூட்டியதும் மீண்டும் சூடு. “பம்பே தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்றுங்கள்” என்றார்கள். இம்பெல்லரின் விலையைப்போல் பல மடங்கு கொடுத்துப் புதுப்பம்பும் வாங்கியாயிற்று. அதே சூடு! அடுத்து வெப்பமாற்றியையே மாற்றச் சொன்னபோதுதான் மாமாவுக்குப் பொறுமை போயிற்று.

மே மாதப் பள்ளி விடுமுறையில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். மாமா மகன் என்னிடம், “மெதுவா ஓட்டினா சூடேறாது அத்தான், அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க” என்றான். அவன் சொன்னது உண்மைதான். குறைந்த வேகத்தில் இயந்திரம் வெளியிடும் வெப்பம் குறைவு. அரைகுறையாக வரும் நீரே அதற்குப் போதும். பட்டறையில் குறை தெரியாமல் போனதும் இதனால்தான். மாமா ஒரே கேள்வி கேட்டார்: “திரும்பி வரும்போது காத்தும் அலையும் எதிர்த்தா அப்பவும் மெதுவா வருவியாடா?”

பிறகு, “பழைய இம்பெல்லர் எங்க?” என்றார். நல்லவேளை, அது கருவிப்பெட்டியின் அடியில் கிடந்தது. விரல் வைத்து எண்ணினார். ஒன்பது இறக்கைகள்தாம் இருந்தன. “மூணு எங்க போச்சு வாத்தியாரே?”

ஒரு மாதமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டில் பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குப் பயிற்சிநூல் மாறுகிறது. பிறகு டியூஷன் மாறுகிறது. அதன்பின் பள்ளியே மாறுகிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் வாய்பாடும் வகுத்தலும் எந்த இடத்தில் பிய்ந்து போயின என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே வகைக் கணக்கை இருபது முறை செய்யச் சொன்னால் அந்தப் பிள்ளையும் சரியாகத்தான் செய்யும், துறையில் கட்டிவைத்த படகைப்போல. சரி, படகுக்கு வருவோம்.

மாமா முதலில் அடித்திறப்பின் வால்வை மூடினார். அதை மறந்து குழாயைக் கழற்றினால் கடலே உள்ளே வந்துவிடும். பம்பிலிருந்து போகும் ரப்பர்க் குழாயின் வளைவில் ஓர் இறக்கை கிடந்தது. வெப்பமாற்றியின் மூடியைத் திறந்தோம். சிப்பித் துணுக்குகளுக்கு நடுவே மற்றொன்று, நான்கைந்து குழாய் வாய்களை மூடியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதைக் காணோம்.

“புகையோடு வெளியே போயிருக்கும்ப்பா” என்றான் மகன். மாமா என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவிக் குழாய் வாயில் வைத்துக் காட்டினார். பென்சிலே நுழையவில்லை, இறக்கை எப்படி நுழைந்து வெளியேறும்? இருட்டும்வரை ஒவ்வொரு குழாயாக மெல்லிய மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தோம். கம்பியை விட்டால் குழாய் கீறிவிடும் என்று மாமா தடுத்துவிட்டார். முன்பதிவு செய்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களை வேறொரு படகுக்கு அனுப்பிவைத்தார். பணமும் போயிற்று. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்; அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை, மறுபக்கத்திலிருந்து நீரைப் பாய்ச்சியபோது மூன்றாவது இறக்கை இரண்டு துண்டுகளாக வெளியே விழுந்தது. எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளின்மேல் வைத்துப் பொருத்தினோம். நகக்கண் அளவு ஒரு மூலை மட்டும் குறைந்தது. அது தேய்ந்து போயிருக்கும் என்று மாமா ஒருவாறு ஒப்புக்கொண்டார். அன்று மாலை ஆட்களை ஏற்றாமல் நாங்கள் மூவர் மட்டும் பங்கோரைச் சுற்றி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. மகன் அதைக் கைப்பேசியில் படமெடுத்தான்.

தேய்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பழைய பம்பையும் மாமா பிரித்துப் பார்த்தார். மூடித்தகட்டின் உட்புறத்தில் வட்டக் கீறல்கள் இருந்தன. தகட்டைத் திருப்பிப் போட்டதும் வழவழப்பான பக்கம் கிடைத்தது. அடியிலுள்ள சிறு துளையிலிருந்து நீர் கசிந்ததற்கு அச்சின் அடைப்பு வளையம் காரணம்; அதை மட்டும் புதிதாக்கினார். இம்பெல்லரைக் கிளிசரின் தடவி, சுழலும் திசைக்கு ஏற்ப இறக்கைகளை மடித்துச் செருகினார். ரப்பரைக் கெடுக்கும் என்று சாதாரணக் கிரீஸைத் தொடவே இல்லை. அந்தப் பம்பு இப்போது படகில் மாற்றுப் பம்பாக இருக்கிறது.

உடைந்த இம்பெல்லரை நான் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் அறிவியல் அறையில் இருக்கிறது. அதற்குத் தமிழ்ப்பெயர் கேட்டபோது மாணவர்கள் ‘வளையிறக்கை’ என்றார்கள். நல்ல பெயராகத்தான் படுகிறது. 2025இல் மாமா இருமுறை இம்பெல்லரை மாற்றினார். இருமுறையும் மகன்தான் கழற்றினான், பன்னிரண்டும் இருந்தனவாம்.