கல்தூசியும் மஞ்சள் குளிசையும்

வில்லாவுட்டில் ஒரு பட்டறையில் அண்ணா பத்து வருசம் குசினி மேடைக்குக் கல் வெட்டினவர். இப்ப அவருக்கு முடக்குவாதம். காலமையில் விரலை மடக்கேலாது.

அவர் வெட்டினது செயற்கைக் கல். அதில் 90 வீதத்துக்கு மேலேயும் சிலிக்கா இருக்கலாம். தண்ணி விடாமல் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூசி நெஞ்சுக்குள் இறங்கும். சுவாசப்பை நோய் எல்லாருக்கும் தெரியும். அதே தூசி நோயெதிர்ப்புத் தொகுதியைக் கிளறி, சொந்த மூட்டையே தாக்க வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1914இலேயே எடின்பரோவில் பிராம்வெல் என்ற வைத்தியர், கல்தச்சருக்குத் தோல் இறுகும் நோய் வருவதை எழுதினார். அவுஸ்திரேலியா இந்தக் கல்லைத் தடை செய்தது 2024 யூலை 1இல்! அதிலும் உலகத்தில் முதல் நாடு இதுதானாம். (வீட்டில் பூட்டியிருக்கிற மேடைக்குப் பயப்பட வேண்டாம். வெட்டினால், துளைத்தால்தான் ஆபத்து.)

அம்மாவின் வைத்தியம் மஞ்சள். கறியில் போடுங்கோ, பாலில் போடுங்கோ, சந்தோசம். குளிசை வேற கதை. குர்குமினைச் செறிவாக்கி, உடம்பு உறிஞ்ச மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். அது சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ 2023 ஓகஸ்டில் எச்சரித்தது. அண்ணா கிழமைக்கு ஒருக்கா எடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைத் தாக்கக்கூடியது; அதுக்குத்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை.

போத்தலோடையே ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். நிப்பாட்டச் சொன்னார். மீன் எண்ணெய் எடுக்கலாமாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக இல்லை.

அம்மா போத்தலை எறியேல்லை. தன்ர முழங்காலுக்கு வேணுமாம். அடுத்த கிழமை அவவுக்கும் இரத்தப் பரிசோதனை.