சுமைக்கேற்ற சிறுபாய்

கோணேசர் மலையில் தரிசனம் முடித்துத் திருகோணமலைக் கடைத்தெருவை அடைந்தோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தில் நாமும் சேர்ந்திருந்தோம். வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, அப்பால் குமண, யால வனங்கள்! வழிநெடுகத் தோளே சுமைதாங்கி.

ஆறடிப் பன்பாயொன்றை எடுத்தோம். உடன்வந்த முதிய அம்மையார் நகைத்தார்.

"தம்பிமாரே, படுக்கிறது ராவிலை, சுமக்கிறது பகல் முழுக்க. தோளும் இடுப்பும் பாயிலை கிடந்தாற் காணும். காலுக்கு மூட்டையை வையுங்கோ."

உண்மையன்றோ? படுத்தவர் பாரம் பெரிதும் ஊன்றுவது அவ்விரண்டிடத்திலேதான். நெடும்பாயை வெட்டினால் பின்னல் அவிழும். ஆகவே, குழந்தைகளுக்கென இழைத்த சிறுபாயை ஆளுக்கொன்றாக வாங்கினோம். இக்கால இளைஞர் கொணரும் நுரை விரிப்புக்கு அக்கவலை இல்லை. கத்தரியால் வேண்டிய அளவுக்கு நறுக்கலாம். ஈரமும் எளிதில் ஊறாது.

முன்னாளில் படகிற் கடந்த கிண்ணியாக் கழியை, 2009இல் திறக்கப்பட்ட பாலத்தின்மேல் நடந்தே கடந்தோம்.

வெருகல் ஆற்றங்கரை மணலில் பாய் விரித்த இரவு, விடியற்குளிர் பாதங்களைத் தீண்டியது மெய்தான். ஆயினும் உறக்கம் குறையவில்லை. காலையில் மூட்டையைத் தூக்கியபோதோ, தோள் அந்த அம்மையாரை வாழ்த்திற்று!