கிண்ணம் வென்ற மறுநாள்

2003 ஜூனில், ஓர் இரவுக் கடமையின்போது வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். றியல் மட்ரிட் கழகம் ஸ்பானிய லீக் பட்டத்தை வென்ற மறுநாளே அதன் பயிற்றுநர் விசென்தே டெல் பொஸ்கேயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டதாம். பிழையாக இருக்குமோ என்று மீண்டும் வாசித்தேன்.

சலமன்காவில் 1950இல் பிறந்தவர். நடுக்கள வீரராக அக்கழகத்துடன் ஐந்து லீக் பட்டங்கள் கண்டவர். 1999இல் பயிற்றுநர் பொறுப்பேற்றபின் இரு லீக் பட்டங்களும் இரு ஐரோப்பிய சம்பியன் கிண்ணங்களும் பெற்றுக் கொடுத்தார். அடர்ந்த மீசை, அதிராத பேச்சு. நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் அந்த அமைதியே குறையாகத் தெரிந்தது போலும். அடுத்த லீக் பட்டத்துக்கு மட்ரிட் 2007 வரை காத்திருந்தது.

நன்றாக எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே ஒரு பத்திரிகையிலிருந்து நானும் அனுப்பப்பட்டவன். ஆகவே 2010 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினை விட அதன் பயிற்றுநரான அவரையே அதிகம் கவனித்தேன். முதற்போட்டியில் சுவிற்சர்லாந்திடம் தோல்வி. இளம் புஸ்கெட்ஸைப் பலரும் குறைகூறினர். அவரோ அவ்வீரரை நீக்கவேயில்லை. இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவில் தொடங்கியது. 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்தா கோல் அடித்தபோது என் கண்கள் அந்த மீசைக்காரரைத்தான் தேடின.

2012இல் ஐரோப்பியக் கிண்ணம். 2014இல் முதற்சுற்றிலேயே வெளியேற்றம். 2016இல் ஓய்வு பெற்றார். இம்முறை அவராகவே விலகினார்.