ஐம்பதாவது ஆள்

கரோனா காலத்தில் நம்மை ஆண்டது எந்தக் கட்சி என்று ஆரம்பித்தால் டீக்கடையில் சண்டை வரும். எந்த எண் ஆண்டது என்று கேளுங்கள், சண்டையே வராது. 50! கல்யாணமா, 50 பேர். சினிமாவா, 50 சதவீதம். 2020 நவம்பர் 10-ம் தேதி தியேட்டர்களைத் திறந்தபோது ஒரு ஸீட் விட்டு ஒரு ஸீட்டில் பெருக்கல் குறி போட்ட ஸ்டிக்கர். 2021 ஜனவரி 4-ம் தேதி நம் மாநில அரசு 'எல்லா ஸீட்டிலும் உட்காருங்கப்பா' என்றது. மத்திய அரசு முறைத்தது. நாலே நாளில் மறுபடி 50. 'மாஸ்டர்' படம் பாதித் தியேட்டரில்தான் ஓடியது. (மீதிப் பாதியிலும் ஆள் இருந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. நான் பார்க்கவில்லை சாமி!)

பி.காம். படித்துவிட்டு எண்களோடு குடும்பம் நடத்துகிறவன் நான். எனக்கே பிடிபடாத கணக்கு 2022 பொங்கலுக்கு வந்த ஜல்லிக்கட்டு உத்தரவு. மாடு பிடிக்க 300 பேர் வரை வரலாம். வேடிக்கை பார்க்க 150 பேர், அல்லது மொத்த இருக்கைகளில் பாதி, இதில் எது குறைவோ அது. அதாவது, பார்க்கிறவர்களைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் களத்தில்! மாடுதான் குழம்பிப் போயிருக்கும், பாவம்.

ஜல்லிக்கட்டுக்காவது உத்தரவு போட ஆள் இருந்தது. நான் சொல்ல வந்தது ஹாக்கி.

திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் வேப்பம்பட்டு. எங்கள் தெருவில் கிரிக்கெட் பேட் இல்லாத வீடு கிடையாது. ஹாக்கி ஸ்டிக் இருந்தது ஒரே ஒரு வீட்டில். தமிழ் சினிமாவில் அந்த ஸ்டிக் அடியாட்கள் கையில் மட்டுமே இருப்பதால், பையன் அதைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். பையன் கோல்கீப்பர். ப்ளஸ் டூ. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் ஸீட், அப்புறம் ரயில்வேயிலோ பேங்க்கிலோ ஒரு டீம், அப்புறம் மாசச் சம்பளம். இதுதான் அந்த வீட்டின் ஐந்தாண்டுத் திட்டம்.

2021 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. ஊரே காதலர் தினம் கொண்டாடிக்கொண்டிருக்க, பையனின் அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். பத்து மாதத்துக்கு மேல் எதுவுமே நடக்காமல் கிடந்து, தட்டுத் தடுமாறி நடந்த போட்டி அது. அண்ணன் நைட் ஷிஃப்ட் முடித்து, சட்டைகூட மாற்றாமல் வந்திருந்தார்.

கேட்டில் ஒரு காகிதம். '50 பேருக்கு மேல் அனுமதி இல்லை.'

"கணக்கு முடிஞ்சு போச்சு சார்" என்றார் வாட்ச்மேன்.

கணக்கு என்றால் எனக்குக் கை பரபரக்குமே! ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். டீமுக்கு 18 பேர், இரண்டு டீம், 36. கோச், மேனேஜர் சேர்த்து 40. அம்பயர் இரண்டு, மாற்று அம்பயர் ஒன்று, 43. ஸ்கோர் எழுத இரண்டு பேர், 45. கிரவுண்ட் ஆட்கள் இரண்டு, 47. முதலுதவிக்கு ஒருவர், 48. வாட்ச்மேன் 49. ஐம்பதாவது ஆள் யார்? போட்டியைத் தொடங்கி வைக்க வந்த பிரமுகர். கூட வந்த நாலு பேரை யாரும் எண்ணவில்லை. மாலையோடு சேர்த்து ஒரே உருப்படி போலிருக்கிறது.

பிரமுகர் கை குலுக்கினார் (முழங்கையால்), போட்டோ எடுத்துக்கொண்டார், பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்.

"இப்ப ஒரு இடம் காலிதானே? இவரை விடுங்க. கோல்கீப்பரோட அப்பா."

"ரெஜிஸ்டர்ல எழுதியாச்சு சார். அடிச்சு எழுதினா கேள்வி கேப்பாங்க."

மறுபேச்சுப் பேச முடியவில்லை. ஆடிட்டிங் தெரிந்த மனுஷர்!

கேட் கம்பி வழியாகப் பார்த்தோம். காலி மைதானத்தில் ஹாக்கி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டிக்கில் பந்து படும் 'டக்' சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பையன் கோலிலிருந்து "லெஃப்ட்ல ஆள் இருக்கு! லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்துவது கேட் வரை தெளிவாகக் கேட்கிறது. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவன் அப்பாவுக்கே புதுசு. வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை.

கடைசிக் குவார்ட்டரில் வாட்ச்மேனே ஒரு வழி சொன்னார். "நான் கேட்டுக்கு வெளியே உக்காந்துக்கறேன். நீங்க உள்ள போங்கண்ணே. தலை சரியாயிடும்." வருகிற வழியில் வாங்கிய பிஸ்கெட் பாக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட்டு அண்ணன் உள்ளே போனார். பையன் அதற்கப்புறம் ஒரு பெனால்டி கார்னரைப் பாய்ந்து காலால் தடுத்தான். மைதானத்தில் ஒரே ஒருவர் கை தட்டினார். செலக்டர் யாரும் பார்க்கவில்லை. செலக்டர் வந்திருந்தால் ஐம்பத்தோராவது ஆள்.

அதே ஞாயிறு, சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு இரண்டாவது டெஸ்ட். முதல் டெஸ்ட்டுக்கு ஒருத்தரையும் விடவில்லை, இதற்குப் பாதிப் பேரை விட்டார்கள். விராட் கோலி வாயில் விரலை வைத்து 'விசில் அடிங்க' என்று ஸ்டாண்டைப் பார்த்து ஜாடை காட்ட, விசில் பறந்தது. அஸ்வின் அன்றைக்கு ஐந்து விக்கெட் முடித்தார், மறுநாள் சதமும் அடித்தார். சொந்த ஊர்க்காரர், சொந்த ஊர் விசில். நானும் ராத்திரி ஹைலைட்ஸ் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் 'பாதி' என்று அளந்தவர்கள், பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏன் கல்யாண மண்டபத்துக் கணக்கைப் போட்டார்கள்?

கட்டுப்பாடே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு ஐஸ் ஹாக்கி மேட்ச். 22 பேர் ஆடினார்கள். ஐந்து நாளில் அவர்களில் 14 பேருக்கும், அந்த அரங்கத்து ஊழியர் ஒருவருக்கும் கரோனா அறிகுறி. அந்த அக்டோபரில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஐஸ் ஹாக்கி வழியாக 30 இடங்களில் தொற்று, 108 பேருக்கு உறுதி என்று தெரிந்ததும், இரண்டு வாரம் அரங்கங்களையே மூடினார்கள். நியாயம். அது நாலு சுவர், ஒரு கூரை, உள்ளே குளிர்ந்து நிற்கும் காற்று, மூச்சு வாங்க ஓடும் பையன்கள். ஆவடியில் கூரை எங்கே? எங்களுக்கு ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவதுதான். திறந்த வெளியில் ஆறடி தள்ளி நிற்கும் அப்பா யாருக்கு என்ன செய்துவிடுவார்? மூடின ஹாலையும் மொட்டை மைதானத்தையும் ஒரே காகிதத்தில் எழுதி ஒட்டியதுதான் எனக்கு ஆகவில்லை.

அப்புறம் அந்த ஏப்ரல், மே. அதைப் பற்றி விளக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் படம் மாட்டினார்கள். ஹாக்கியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்த நாட்கள்.

ஆனால் அந்த நாட்களிலும் தேதி ஓடிக்கொண்டுதானே இருந்தது? கரோனா ஆரம்பித்த வருஷம் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய நவம்பர் 30 என்றார்கள், டிசம்பர் 31 என்றார்கள், 2021 ஜனவரி 10 என்றார்கள். நான் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் 'இன்னும் தள்ளுவாங்க சார்' என்று கால் நீட்டிப் படுத்துவிட்டார்கள். பையனின் ப்ளஸ் டூ பரீட்சை ரத்தானது. பத்தாவது மார்க்கில் 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னில் 20, ப்ளஸ் டூ செய்முறைக்கும் உள்மதிப்பீட்டுக்கும் 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். எழுதாத பரீட்சைக்கு மார்க் உண்டு. ஆடாத மேட்சுக்கு சர்ட்டிஃபிகேட் போட எந்த ஃபார்முலாவும் கிடையாது. ஜூனியர் என்றால் 21 வயசுக்குள். 17 வயசில் நின்றுபோன ஒரு ஸீஸனை யாரும் ஜனவரி 10 வரை நீட்டித்துத் தரவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா ஸீட்டும் வரவில்லை.

பெரியவர்களும் காலி அரங்கத்தில்தான் ஆடினார்கள். 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து, 41 வருஷத்துக்கு அப்புறம் ஹாக்கியில் பதக்கம். 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய டீமுக்கு நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் கேப்டன், ஞாபகமிருக்கும். டோக்கியோவில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோல் போஸ்ட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். அந்தப் போட்டோவை பையன் போனில் வால்பேப்பராக வைத்திருந்தான்.

அந்த வருஷ நவம்பரில் புவனேஸ்வரில் ஜூனியர் உலகக் கோப்பை. அங்கேயும் பார்வையாளர்கள் கிடையாது. 2016-ல் லக்னோவில் அமர்க்களமான கூட்டத்தின் நடுவே பெல்ஜியத்தை 2-1 என்று ஜெயித்த சாம்பியன் நாம். புவனேஸ்வரில் முதல் மேட்சே ஃபிரான்ஸிடம் 4-5, கடைசியில் வெண்கலப் பதக்க மேட்சும் அதே ஃபிரான்ஸிடம் 1-3. நாலாவது இடம். கூட்டம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? தெரியாது. 2023-ல் கோலாலம்பூரில் கதவு திறந்துதான் இருந்தது, அப்போதும் நாலாவது இடம்தான். ஆனால் இருபது வயசில், சொந்த நாட்டில், உலகக் கோப்பை ஆடும் பையனுக்குக் கை தட்ட ஆள் இல்லாமல் போவது தோல்வியைவிட எனக்கு உறுத்துகிறது.

அடுத்த ஜூனியர் உலகக் கோப்பை 2025 நவம்பரில் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. 24 நாடுகள். டிக்கெட் இலவசம்! கோச் யார் தெரியுமா? போஸ்ட் மேலே உட்கார்ந்த அதே ஸ்ரீஜேஷ். டிசம்பர் 10, வெண்கலப் பதக்க மேட்ச், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். பையனும் நானும் லோக்கல் பிடித்து சென்ட்ரலில் இறங்கிப் போனோம். அவனுக்கு 22 வயசாகிவிட்டது. திருவள்ளூர் பக்கம் ஒரு கூரியர் கோடவுனில் வேலை, அரை நாள் லீவு. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட்.

மூன்று குவார்ட்டர் முடிந்தும் நாம் கோலே போடவில்லை. அர்ஜென்டினா இரண்டு. நான் கிளம்பலாமா என்று வாட்சைப் பார்த்தேன். கடைசிக் குவார்ட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு! 4-2. சுற்றிலும் எழுந்து நிற்கிறார்கள், கத்துகிறார்கள், முன்பின் தெரியாத ஆள் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். பையன் மட்டும் கோல் விழுந்த பக்கம் பார்க்கவில்லை. அந்தக் கோடியில் நம் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

என் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"இவ்ளோ சத்தத்துல லெஃப்ட், ரைட்னு சொன்னா டிஃபெண்டருக்கு எப்படிண்ணா கேக்கும்?"